அறுபத்தொன்றாம் படி

அக்கா,

இன்று காலை சிவகாசியிலிருந்து மாதிரிப் பிரதி வந்தது. உறையைக் கிழித்ததும் மசி வாடை அறை முழுக்க ஏறிக்கொண்டது. உங்களுக்கு இந்த வாடை ஆகாது. பிரதி வரும் நாளெல்லாம் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு வரிசையாகத் தும்முவீர்கள். கீழே பல் டாக்டரிடம் காத்திருப்பவர்கள் நிமிர்ந்து மாடியைப் பார்ப்பார்கள். இன்று யாரும் தும்மவில்லை. புதிதாகச் சேர்ந்தவர்கள் காதில் எதையோ மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருந்தார்கள். நான் பிரதியை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்தேன்.

நம் பொம்மை லாரிப் புத்தகம்தான். மறுபதிப்புக்கு வந்திருக்கிறது. தவறைத் திருத்திவிட்டோம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தத் தவறு உங்களுடையது இல்லை அக்கா, என்னுடையது. நான்கு வருடமாக இந்த ஒரு வரி என் வாயில் வரவில்லை. இப்போது வருகிறது, கேட்க நீங்கள் இல்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அந்தக் கதைதான். இருந்தாலும் நடந்ததை நடந்தபடி ஒரு முறையாவது உங்களுக்கு எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நம் வேலை என்னவென்று அடுத்தவர்களுக்குப் புரிய வைப்பதே தனி வேலையாக இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? என் மாமியாருக்கு அது பொம்மைக் கம்பெனி. ஆட்டையாம்பட்டியில் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் நீங்கள், "கம்ப்யூட்டர்ல ஊடு கட்டறனுங்க" என்று சொல்லி வைத்திருந்தீர்கள். அவர்களில் ஒருவர் நிஜமாகவே மனையின் நீள அகலத்தை எழுதிக்கொண்டு வந்து பிளான் கேட்டார். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு மாடியில் பத்துக்குப் பன்னிரண்டு அறை, மூன்று கம்ப்யூட்டர், சுவரோரம் நிறம் பிரித்த பிளாஸ்டிக் கட்டைகள் நிறைந்த டப்பாக்கள், இவ்வளவுதான் நம் ஊடு கட்டுகிற கம்பெனி.

திரையின் இடப்பக்கம் ஆயிரக்கணக்கான கட்டைகள் வரிசையாக நிற்கும். ஒன்றை இழுத்து இன்னொன்றின் மேல் விட்டால் தானாகப் பொருந்திக்கொள்ளும். இரண்டு கட்டை ஒரே இடத்துக்குப் போட்டி போட்டால் மென்பொருள் சிவப்பு காட்டும். மாடல் முடிந்ததும் அதைப் படிப்படியாகப் பிரிக்க வேண்டும். முதல் படியில் எந்தக் கட்டை, இரண்டாவதில் எது என்று வரிசைப்படுத்தி, அம்புக்குறி போட்டு, வாங்குகிற குழந்தை பார்த்துக் கட்டும்படி புத்தகமாக்க வேண்டும். இதில் மென்பொருளுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அந்தரத்தில் ஒரு கட்டையைத் தொங்கவிட்டாலும் அதன் கணக்கில் கட்டை விழாது. நாலாபக்கமும் மூடிய பெட்டிக்குள் ஒன்றை வை என்றாலும் சரி என்று வைத்துக்கொள்ளும். "கம்ப்யூட்டருக்குக் கையில்ல அம்மிணி, அதுக்கு எங்க தெரியப் போவுது" என்பீர்கள்.

அதனால்தான் நமக்கு அந்தச் சோதனை. வரிசைப்படுத்தியவள் ஒரு பக்கம், கட்டுகிறவள் எதிர்ப்பக்கம். கட்டுகிறவள் காகிதத்தை மட்டுமே பார்க்க வேண்டும், தனக்குத் தெரிந்ததையெல்லாம் மறந்துவிட வேண்டும். வரிசைப்படுத்தியவள் வாயைத் திறக்கக் கூடாது. கண்ணால்கூடச் சாடை காட்டக் கூடாது. கட்டுகிறவள் கை தடுமாறும் இடத்தில் சரிபார்ப்புத் தாளில் பென்சிலால் ஒரு கோடு. நான் வரிசைப்படுத்துவேன், நீங்கள் கட்டுவீர்கள், கடைசியில் தாளில் கையெழுத்துப் போடுவீர்கள். நீங்கள் கொண்டுவரும் முறுக்குப் பை அதுவரை ஜன்னலில் தொங்கும். எண்ணெய்க் கை பட்டால் கட்டை வழுக்கும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுவீர்கள். நான் முறுக்கைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், தாளைப் பார்க்கவில்லை என்று எத்தனை முறை என்னைக் கேலி செய்திருக்கிறீர்கள்.

நமக்கு வேலை கொடுக்கும் சென்னைப் பொம்மைக் கம்பெனி நம் ஊர் லாரி ஒன்று வேண்டும் என்று கேட்டது. நான் முதலில் வரைந்ததைப் பார்த்துவிட்டு நீங்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "இதென்ன அம்மிணி, மொகறையே இல்லாத லாரி! இதுல எவன் லோடு ஏத்துவான்?" உங்கள் புகுந்த வீட்டில் இரண்டு லாரி ஓடிய காலம் உண்டு. கல்யாணமான புதிதில், பட்டுப்புடவை மடிப்புக் கலையாத வயதில், களத்தில் நின்ற லாரிக்கு அடியில் படுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்காரருக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவர் நீங்கள். பின் அச்சைத் தாங்க இரண்டு சாம்பல் நிறக் கொண்டிகள் வைக்கச் சொன்னதும் நீங்கள்தான். மேலிருந்து பார்த்தால் அவை தெரியாதே என்றேன். "தெரியாட்டி என்ன? தலகீழாப் புடிச்சுப் பாக்கற கொழந்தைக்குத் தெரியுமில்ல" என்றீர்கள். அந்தக் கொண்டிகள்தான் அறுபத்தொன்றாம் படி. அவற்றைச் சட்டத்தின் உள்ளேயிருந்து மாட்ட வேண்டும். அதற்குப் பிறகு அறுபத்திரண்டு, அறுபத்து மூன்றில் தளத்துப் பலகைகள் வந்து மூடிவிடும். அறுபத்து நான்கில் அச்சும் சக்கரமும்.

ஒரு முழு நாள் உட்கார்ந்து லாரியைக் கட்டினீர்கள். தாளில் ஒரு கோடுகூட விழவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, மறுநாள் குலதெய்வத்துக்குக் கிடா வெட்டு என்று லீவு சொல்லிவிட்டுப் போனீர்கள்.

மறுநாள் மதியம் சென்னையிலிருந்து எனக்குப் போன் வந்தது. புத்தகம் அறுபத்தெட்டுப் பக்கம் இருக்கிறது, அறுபத்து நான்குக்குள் வர வேண்டும், இன்றே வேண்டும் என்றார்கள். மென்பொருளில் அது ஒன்றும் மலையைப் புரட்டும் வேலை இல்லை. ஒரு படியைப் பிடித்து இழுத்து இன்னொன்றின் மேல் விட்டால் இரண்டும் சேர்ந்துகொள்ளும். படிக்கு ஒரு பக்கம் என்பதால் நான்கு இடத்தில் சேர்த்தேன். கொண்டியும் அச்சும் ஒரே சங்கதிதானே என்று அறுபத்தொன்றைக் கொண்டுபோய் அறுபத்து நான்கோடு சேர்த்தேன். திரையில் எதுவும் சிவக்கவில்லை. லாரி அப்படியே அழகாக நின்றது. தளம் மூடிய பிறகு கொண்டியை எந்தக் கை உள்ளே கொண்டுபோகும் என்று ஒரு நிமிடம் நான் யோசிக்கவில்லை. கட்டிப் பார்க்க எதிரில் ஆள் இல்லை. பழைய கோப்பின் மேலேயே சேமித்தேன், உங்கள் கையெழுத்துள்ள தாளை இணைத்தேன், அனுப்பினேன். அதோடு மறந்தும் போனேன். நீங்கள் திரும்பி வந்து கறிச்சோற்றுக் கதை சொன்னபோது பக்கம் குறைத்ததைச் சொல்லவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. அந்த நாள்வரை அது வெறும் கவனக்குறைவுதான். அதைப் பாவமாக்கியது அதற்குப் பிறகு நான் செய்தது.

இரண்டு மாதம் கழித்து முதலாளி நம் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். சென்னையிலிருந்து வந்த ஒரு வீடியோவைப் போட்டுக் காட்டினார். யாரோ ஓர் அப்பா, ஏழெட்டு வயதுப் பெண் குழந்தை. தரையில் உட்கார்ந்து லாரியின் தளத்தைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் குழந்தை அழுதுகொண்டே, "நான் சரியாத்தானேப்பா வெச்சேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னது. இப்படி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்களாம். முதலாளி கத்தவில்லை. சரிபார்ப்புத் தாளை எடுத்து உங்கள் கையெழுத்தின் மேல் விரலை வைத்து, "பாத்துதானேம்மா போட்டீங்க?" என்று மட்டும் கேட்டார்.

நீங்கள் புத்தகத்தைப் புரட்டினீர்கள். முகம் வெளுத்துப்போயிற்று. அந்த மாதம் மட்டும் பதினாலு மாடல் கட்டியிருந்தீர்கள். எது எந்தப் படியில் இருந்தது என்று யாருக்கு நினைவிருக்கும்? எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. நான் பேசவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நான் மறைத்தேன். யாரும் சோற்றைக் கிளறிப் பார்க்கவில்லை.

மறுநாள் சாப்பாட்டு வேளையில், டப்பாவைத் திறக்காமலேயே வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டீர்கள்.

"கொண்டி போடாம எப்படித் தளம் போட்டேன்னு ராத்திரியெல்லாம் ரோசன பண்ணுனேன் அம்மிணி. என்ற கை தானாப் போட்டிருக்கும். லாரிக்கு அடியில கெடந்த கை அது. பேப்பர்ல இல்லாட்டியும் அது போட்டிருக்கும். எனக்குத் தெரிஞ்சதே எனக்கு எமனாப் போச்சு. நீ எதுத்தாப்புலதான உக்காந்திருந்தே? நான் பேப்பரப் பாத்துப் போட்டனா, பாக்காமப் போட்டனா?"

"ஞாபகம் இல்லக்கா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று நான்கு வருடமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். வேலை போய்விடும் என்ற பயம் இல்லை. முதலாளி அப்படிப்பட்டவர் இல்லை. அந்த ஆபீஸில் நான்தான் கவனமானவள் என்று ஒரு பெயர். அதை முதலில் ஊதிப் பெரிதாக்கியவரே நீங்கள்தான். "எங்கம்மிணி ஒரு கட்டை பெசகாது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வீர்கள். அந்தப் பெயரை உங்கள் முன்னால் இழக்க எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவு அற்பமான காரணம் அக்கா. இதைவிடப் பெரிதாக ஒன்று இருந்தால் எனக்கே கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

உங்களை யாரும் போகச் சொல்லவில்லை. நீங்களாகவே இனி கையெழுத்துப் போடமாட்டேன் என்றீர்கள். கட்டைகளை எண்ணிப் பையில் போடும் வேலைக்கு மாறினீர்கள். பொங்கலுக்குப் பிறகு வரவில்லை. உங்கள் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன்.

வீட்டில் மகளின் பழைய லேப்டாப்பில் அந்த மென்பொருளின் இலவசப் பதிப்பை ஏற்றிக்கொண்டீர்கள். ஆழ்துளை போடும் ரிக் வண்டி ஒன்று வரைந்தீர்கள். கோபுரம் மடங்கி நிமிரும், குழாய்கள் வரிசையாக ஏறும், பக்கத்தில் கம்ப்ரஸர் லாரி வேறு. திருச்செங்கோட்டில் ரிக் ஓட்டுகிறவர்கள் பார்த்தால் ஏறி உட்கார்ந்திருப்பார்கள், அவ்வளவு நிஜம். ஆனால் அதற்கு ஒரு படிகூட நீங்கள் போடவில்லை. கோப்பை எனக்கு அனுப்பி, "நீ ஒருக்காப் பாரு அம்மிணி. என்ற கண்ண நம்ப முடியாது" என்று குரலில் பேசி அனுப்புவீர்கள். சேலத்தில் கண் ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். வயதுக்கு உண்டான பவர்தான், வேறொன்றுமில்லை என்றார்கள். டாக்டரையும் நீங்கள் நம்பவில்லை. நீங்கள் அனுப்பிய எந்தக் கோப்பிலும் நான் ஒரு பிழை பார்த்ததில்லை. "எல்லாம் சரியா இருக்குக்கா" என்று பதில் போடுவேன். அதோடு இன்னொரு வரியும் சேர்த்து எழுதியிருக்கலாம். கட்டைவிரல் அங்கேயே நின்றுவிடும்.

ஒரு தவக்காலத்தில் எங்கள் பங்குக் கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், திரைக்குப் பின்னால் இருந்த சாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கட்டை, கொண்டி, தளம் என்று நான் விவரித்ததில் அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. கடைசியில் ஒன்று கேட்டார். "அந்தம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல ஃபாதர்."

"மொதல்ல அதச் செய்யுங்க. ஜெபத்த அப்புறம் சொல்லிக்கலாம்."

நான் வரிசையை மாற்றிவிட்டேன் அக்கா. அங்கேயும் அதே புத்திதான். நேராக மாதா பீடத்தின் முன் முழங்காலில் நின்று பத்து அருள் நிறைந்த மந்திரம் சொன்னேன். எழுந்தபோது உடம்பு லேசாகிவிட்டது. அந்த லேசுதான் என்னைக் கெடுத்தது. கழுவியாயிற்று என்று மனசு நம்பிவிட்டது. உங்களிடம் வர வேண்டும் என்ற அவசரம் போய்விட்டது. ஈஸ்டர் முடியட்டும் என்றேன், மழை நிற்கட்டும் என்றேன். கிறிஸ்துமஸுக்குக் கேக் எடுத்துக்கொண்டு ஆட்டையாம்பட்டிக்கு வந்தேனே, அன்றைக்குச் சொல்லத்தான் வந்தேன். நீங்கள் கேக்கை வாங்கி வைத்துவிட்டு ஒரு பை முறுக்கை மடியில் வைத்தீர்கள். கரண்ட் போன கதை, கிணற்றில் தண்ணீர் இறங்கிய கதை எல்லாம் பேசினோம். கிளம்பும்போது, "மறுக்கா வா அம்மிணி" என்றீர்கள். "வரேங்க்கா" என்று பஸ் ஏறிவிட்டேன்.

அடுத்த ஆடியில் உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. பத்தே நாள். நான் வந்து சேர்ந்தபோது உங்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். மூக்குக் கண்ணாடியைப் போட்டுவிட்டிருந்தார்கள். "அது இல்லாம அம்மாவுக்கு ஆவாது" என்று உங்கள் மகள் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் ஓரமாக நின்று அழுதேன். பக்கத்தில் இருந்தவர்கள், கூட வேலை பார்த்த பாசம் என்று என் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். அதற்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

போன மாதம் சென்னைக் கம்பெனி லாரியை மறுபடி கேட்டது. பழைய கோப்பைத் திறந்தேன். மென்பொருள் எத்தனையோ தடவை மாறிவிட்டது, ஆனாலும் லாரி அப்படியேதான் எழுந்து நின்றது. கொண்டிகளை அச்சிலிருந்து பிரித்து மறுபடி அறுபத்தொன்றாம் படிக்கு இழுத்தேன். இரண்டு நிமிடம் ஆனது. பக்கம் கூடுமே என்ன செய்வது என்று சென்னைக்குப் போன் போட்டுக் கேட்டேன். பின்னால் இருக்கும் நான்கு பக்க விளம்பரத்தை எடுத்துவிடுங்கள், தாராளமாகப் போகும் என்றார்கள். அன்றைக்கும் அந்த விளம்பரம் அங்கேதான் இருந்தது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். இதை நினைத்தால் கோபம்கூட வருவதில்லை, அலுப்புத்தான் வருகிறது.

முதலாளியிடம் சொன்னேன். போனைப் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டார். "அது முடிஞ்சுபோன கதைம்மா. இப்ப சரியாயிடுச்சில்ல?" என்றார். நான்கு வருடம் நெஞ்சில் கிடந்ததை வாங்கிக்கொள்ள அந்த மேசையில் இடம் இல்லை. பிறகு போக வேண்டிய இடம் ஒன்றுதான் மீதி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பஸ் ஏறினேன். உங்கள் மகள் மட்டும்தான் வீட்டில் இருந்தாள். நூல் மில்லில் தரம் பார்க்கும் வேலையாம். உங்களைப் போலவே எதையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறாள். டீ போட்டுக் கொடுத்தாள். இந்தத் தடவை டீயைத் தொடாமல் முதலில் சொல்லிவிட்டேன். லாரி, பக்கம், படி, உங்கள் கேள்வி, என் பதில், எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் என் டீ டம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்தாள். பிறகு மெதுவாகத்தான் பேசினாள்.

"அம்மா கேஸ் அடுப்ப மூடிட்டு என்னையக் கூப்புடுவாங்க. 'நீ ஒருக்காப் பாரு சாமி'ம்பாங்க. கதவப் பூட்டிட்டுக் கூப்புடுவாங்க. மாத்தரைய உள்ளங்கையில வெச்சுட்டு, இது காலையில போடறதான்னு ரெண்டு தடவ கேப்பாங்க. எனக்குச் சிரிப்பா வரும்ங்க. வயசாயிருச்சு உனக்குன்னு சொல்லிச் சிரிப்பேன். எத்தன நாள் சிரிச்சிருக்கேன்."

நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

"எங்கம்மா உங்களப் பத்தி ஒரு வார்த்த தப்பாச் சொன்னதில்லீங்க" என்றாள். எழுந்து நின்று, "நீங்க கெளம்புங்க. இனி இங்க வராதீங்க" என்றாள். அந்தக் கோபத்திலும் 'ங்க' விடவில்லை, நீங்கள் வளர்த்த பிள்ளை. வாசல்வரை வந்து நான் செருப்பு மாட்டும்வரை நின்றாள்.

அவள் மன்னிக்கவில்லை. மன்னிக்கச் சொல்லி நானும் கேட்கவில்லை. கேட்டு வாங்கி, மறுபடி லேசாகிப்போய்விடுவேனோ என்று எனக்கே என்மேல் பயம். திரும்பி வரும் பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன். இனி இந்தப் பாரம் என்னோடுதான். இதில் பாதியை இப்போது உங்கள் மகள் தலையிலும் இறக்கிவிட்டு வந்திருக்கிறேன் என்பதும் அதில் சேர்ந்துவிட்டது.

நீங்கள் கேட்டதற்கு அன்றைக்கே என்னிடம் பதில் இருந்தது. மறந்த நாளே இல்லை. ஐம்பத்தெட்டாம் படியிலேயே உங்கள் கை ஒரு கொண்டியை எடுத்துவிட்டது அக்கா. லாரிக்கு அடியில் கிடந்த கைதான், நீங்கள் பயந்த அதே கை. சட்டத்தின் அருகே கொண்டுபோனீர்கள். அப்புறம் காகிதத்தைப் பார்த்தீர்கள். "இன்னும் சொல்லலையே" என்று நாக்கைக் கடித்துக்கொண்டு கொண்டியைத் திரும்பத் தட்டில் போட்டீர்கள். இதற்கு ஒரு கோடு போடலாமா என்று யோசித்தேன். உங்களுக்கு எதற்குக் கோடு என்று பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். போட்டிருந்தால் அந்தத் தாளே உங்களுக்குச் சாட்சி சொல்லியிருக்கும். நீங்கள் ஐம்பத்தொன்பதைக் கட்டினீர்கள், அறுபதைக் கட்டினீர்கள். அறுபத்தொன்று வந்ததும் படத்தின் மேல் இடது ஆள்காட்டி விரலை வைத்து, "ரெண்டு" என்று வாய்க்குள் எண்ணி, இரண்டு கொண்டிகளையும் எடுத்தீர்கள்.

பார்த்துத்தான் போட்டீர்கள் அக்கா.